கழுத்தில் கை வைத்துச் சொன்ன ஆ

டீச்சர்,

இன்று காலை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, திடீரென்று, வலிக்கு ஒட்டும் கோயோ பிளாஸ்திரி வாசம் அடித்தது. கற்பூரமும் புதினாவும் கலந்து கண்ணோரத்தைக் கரிக்கும் அந்த வாசம். பெட்டியில் அது எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். எதிர் இருக்கையில் ஒரு பெண்மணி. காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், சதுரமாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். நீங்கள் ஒட்டிக்கொள்ளும் அதே இடம். அது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் முகத்தைத் திருப்பும் வரைக்கும் ஒரு சின்னச் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது.

அவர் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல நகர்த்திப் பார்த்தார். பிறகு கழுத்தை அமுக்கினார். மறுபடியும் தாடை. மறுபடியும் கழுத்து. நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்ததும் கைப்பையை எடுத்து ஜன்னல் பக்கமாக வைத்துக்கொண்டார். சந்தேகப்படுவதில் என்னைப் போலச் சரியான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். என் எழுத்தின் வேகம் உங்களுக்குத் தெரியும். பேனாவை அழுத்துகிற அழுத்தத்தில் தாளின் மறுபக்கம் மேடு மேடாகிவிடுகிறது. 'ண' போடும்போது எத்தனை சுழி என்று இன்னமும் நின்று யோசிக்கிறேன். இந்த மடல் முடிய எத்தனை நாளாகுமோ தெரியாது. ஆனால் நானே எழுதுகிறேன், டீச்சர். பக்கத்தில் யாரும் இல்லை. நான் சொல்லச் சொல்ல வேறு ஒருவர் எழுதி, நான் சொன்னதைத்தான் எழுதினாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை இல்லை. இந்தச் சந்தோஷத்தை வேறு யாரிடம் சொல்வது?

உங்கள் வகுப்புக்கு வந்த முதல் நாள் நான் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓட வசதியாக இருக்கட்டும் என்றுதான். என்னை இழுத்து வந்தவர் லெட்சுமி அக்கா. பண்டமாரானில் எங்களுக்கு அடுத்த வரிசை வீட்டுக்காரர், காலையில் நாசி லெமாக் சோறு விற்பவர். பொட்டலத்தோடு ஊர்ச் செய்தியும் சேர்த்துக் கொடுப்பார்.

"கோயில் மண்டபத்துப் பின்னறையில ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தவங்க நம்மள மாதிரி கெழடுங்களுக்குத் தமிழ் சொல்லித் தராங்கண்ணே. சும்மா."

அந்தச் 'சும்மா'தான் என்னைப் பயமுறுத்தியது. என் அனுபவத்தில் சும்மா என்று கூப்பிட்ட ஒவ்வொரு இடத்திலும், கடைசியில் ஒருவர் காப்பித்தூள் பொட்டலமோ, தண்ணீர் வடிகட்டியோ, காந்தம் வைத்த படுக்கையோ எடுத்து மேசைமேல் வைப்பார். உங்கள் மேசைக்குக் கீழே ஏதாவது பெட்டி இருக்கிறதா என்று வகுப்பு முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்தேன். இல்லை. அது இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது. எல்லாரும் போன பிறகு உங்களிடம் வந்து கேட்டேன்.

"டீச்சர், கடைசியில எங்க பெருவிரல் வைக்கணும்? இப்பவே சொல்லிடுங்க."

"பெருவிரல் வைக்காம இருக்கத்தான் வகுப்பு, அண்ணே" என்றீர்கள். பல்லைத் திறக்காமல் சொன்னீர்கள்.

அந்தப் பல்லைத் திறக்காத பேச்சு என் அடுத்த சந்தேகம். நான் வாழ்நாள் முழுக்க லோரியில் கெலிண்டானாக இருந்தவன். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போவது, போன இடத்தில் சரக்கு ஏற்றி இறக்குவது, லோரி பின்னால் வரும்போது இறங்கி நின்று 'கோஸ்தான், கோஸ்தான்' என்று கத்தி வழி காட்டுவது, இதுதான் வேலை. எழுத்து தெரிந்திருந்தால் லைசன்ஸ் எடுத்து ஓட்டுநர் இருக்கைக்கே போயிருப்பேன். என் வேலையில் வாயைத் திறக்காமல் பேசுகிறவர்கள் இரண்டே வகை. கோபத்தை அடக்குகிற முதலாளி, எதையோ மறைக்கிற குமாஸ்தா. நீங்கள் எந்த வகை என்று நான் கணித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அ, ஆ வந்தது. "ஆவன்னாவுக்கு வாய நல்லாத் தொறக்கணும்" என்றீர்கள். சொன்ன உங்கள் வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. காதுப் பக்கம் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம். உடனே உங்கள் இடது கை எழுந்து கழுத்தின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்தபடியே, பல்லிடுக்கில், "ஆ" என்றீர்கள்.

நாங்களும் இடது கையைத் தூக்கினோம். கழுத்தைப் பிடித்தோம். பல்லிடுக்கில் "ஆ" என்றோம்.

அதில் எங்களுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை, டீச்சர். படித்தவர்கள் ஆவன்னா சொல்வது இப்படித்தான் போலிருக்கிறது, நாம்தான் இத்தனை வருஷம் வாயை அகலத் திறந்து காட்டுத்தனமாகக் கத்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்தோம். நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே சொல்வதால் எங்கள் கைகளைப் பார்க்கவில்லை. வீட்டில் குளிக்கும்போது நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆவன்னா பழகினேன். எதையும் நம்பாத நான், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.

குட்டு உடைந்தது மண்டபச் செயலாளர் வந்த அன்று. அறை எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க வந்தவர், சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே கதவில் நின்றார். அவருக்குக் காட்டுவதற்காக நீங்கள் எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் சொல்லுங்க" என்றீர்கள். அறை முழுக்கக் கிழவர்களும் கிழவிகளுமாகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி "ஆ" என்றோம்.

சாவிக்கொத்து நின்றது. "ஏன் எல்லாரும் கழுத்தப் புடிச்சிக்கிட்டிருக்கீங்க? என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

லெட்சுமி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆவன்னா இப்படித்தான் சார் வரும். தெரியலன்னா நீங்களும் ஒக்காருங்க."

நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். உங்கள் சொந்தக் கையைப் பார்த்தீர்கள். அது அப்போதும் கழுத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் சிரித்த சிரிப்பை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு. அது பாதியில் அறுந்தது. காதுக்கு முன்னால் கையை அழுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

செயலாளர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் வாசலில் என்னிடம் சொன்னார்: "டீச்சருக்கே வாயி தொறக்கல, எப்படி அங்கிள் சொல்லிக் குடுப்பாங்க? தீபாவளி வரைக்கும் பாப்போம். யோகா வகுப்புக்கு ரூம் கேட்டு ஆளுங்க காத்திருக்காங்க லா."

அப்போது நாங்கள் 'க' வரிசை முடித்து 'ச' வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கடைப் பலகைகளில் பாதி எழுத்துகள் என்னிடம் பேசத் தொடங்கியிருந்தன, மீதி பேசவில்லை. பாதி வழியில் இறக்கிவிட்ட சரக்கு எந்தப் பக்கத்துக்கும் உதவாது என்று கெலிண்டானுக்குத் தெரியும். உங்கள் வாய் திறக்க வேண்டும். அது உங்களுக்காக மட்டும் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்காகவும்தான்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம். நீங்கள் எப்போதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டதால் எல்லாரும் கழுத்தைத்தான் பார்த்தார்கள். லெட்சுமி அக்கா கண்ணூறு என்றார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதிரிப் பார்ப்பதாகவும், அந்த வீட்டிலிருந்து வந்த பலகாரத்தைச் சாப்பிட்ட நாளிலிருந்துதான் இது என்றும் கண்டுபிடித்தார். நான் உங்கள் தலையணையைச் சந்தேகித்தேன். நீங்கள் வயதைச் சந்தேகித்தீர்கள். கிளினிக்கில் கழுத்து வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் மசாஜ் செய்யும் கடைக்கு அக்கா உங்களை அழைத்துப் போனார். அங்கே அமுக்கியவர் "கழுத்து கல்லு மாதிரி இருக்கும்மா" என்றாராம். இரண்டு மூன்று நாள் சுகமாக இருந்தது. பிறகு கல் மறுபடியும் கல்லாகிவிட்டது. கோயோ பிளாஸ்திரி ஒன்று காய்வதற்குள் இன்னொன்று. வகுப்பறை முழுக்க அந்த வாசம்.

கடைசியாகக் கிளினிக் டாக்டர் உங்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ள ஒரு பல் நிபுணரிடம் போகச் சொன்னார். அன்று வகுப்பே கொதித்தது.

"கழுத்து வலிக்குப் பல் டாக்டரா?" என்றீர்கள் நீங்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வலியை மீறி வந்த குரல் அது.

"எல்லாப் பல்லையும் புடுங்கிட்டு செட்டு கட்டச் சொல்வான், டீச்சர்" என்றார் அக்கா. "எங்க மாமாவுக்கு அப்படித்தான் பண்ணாங்க. அப்புறம் அவரு கோழிக்கால் தின்னதே இல்ல."

உங்கள் மகள் ஈப்போவில். தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. "நான் வரேன்" என்றேன். "ஒரு பல்லுல கை வச்சாலும் சத்தம் போட்டு ரோட்டையே கூட்டிடுவேன்." நீங்கள் மறுக்கவில்லை. ரயிலில் நீங்கள் ஜன்னலோரம் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் எதிரில். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி நடக்கும்போது, வலியோடும் என்னைச் சோதிக்க மறக்கவில்லை. ஒவ்வொரு கடைப் பலகையையும் விரலால் காட்டினீர்கள். "கா... கறி..." என்று தடுக்கித் தடுக்கி நடந்தேன். ஒரு நகைக்கடைப் பலகையில் 'நம்பிக்கை' என்று எழுதியிருந்தது. தெரியாத எழுத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்க, நான் முதலில் முழுதாக வாசித்த நீளமான சொல் அதுதான். அதைப் போய்ப் பலகையில் ஏன் எழுதுகிறார்கள், இருந்தால் எழுதத் தேவையில்லையே என்று கேட்டேன். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கழுத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பல் டாக்டர் ஒரு சீனப் பெண். சின்ன வயது. மலாயில் பேசினார். உங்களைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைக்கவில்லை, நேராக உட்கார வைத்தார். நான் கதவோரமாக நின்றுகொண்டேன், அவர் கையையே பார்த்துக்கொண்டு. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். கன்னத்தை அமுக்கினார். நெற்றிப்பொட்டை அமுக்கினார். ஒவ்வொரு இடத்திலும் "சாகிட்?" என்று கேட்டார், வலிக்கிறதா என்று. நீங்கள் கண்ணால் பதில் சொன்னீர்கள். அதுவரை சரி. அடுத்து அவர் விரல்கள் கீழே இறங்கி, காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரைக்கும் ஓடும் அந்தத் தசையைப் பிடித்தன. மெல்லத்தான் பிடித்தார். நான் பார்த்தேன்.

"சாகிட் லா!" என்று கத்தினீர்கள். எத்தனை வருஷம் வகுப்பெடுத்தவர், தரையில் விழுந்த சாக்கட்டிக்குக்கூட 'அடடா' என்று மட்டும் சொல்கிறவர், அப்படிக் கத்தினீர்கள்.

நான் முன்னால் வந்துவிட்டேன். பல் டாக்டருக்குக் கழுத்தில் என்ன வேலை என்று மலாயில் கேட்டேன். யார் கழுத்தை அமுக்கினாலும் வலிக்கத்தான் செய்யும், அதைக் காட்டி ஏதோ விற்கப் பார்க்கிறீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. "அங்கிள், உட்காருங்க, உங்க கழுத்தையும் பார்க்கிறேன்" என்றார். சவாலுக்கு உட்கார்ந்தேன். அதே இடம், அதே விரல், அதே அழுத்தம். நான் வலிக்காகக் காத்திருந்தேன். விரல் பட்டதுதான் தெரிந்தது. தோளில் அமுக்கினார், அங்கேயும் அப்படித்தான். மூட்டை சுமந்த கழுத்து, ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் முகத்தில் ஒரு குறும்பு வந்துபோனது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் விளக்கினார். தாடை மூட்டில் கோளாறு உள்ளவர்களுக்குக் கழுத்துத் தசையும் தொட்டால் வலிக்கிற மாதிரி ஆகிவிடுவது அடிக்கடி நடப்பதுதானாம். தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளில் இரண்டுக்கு ஒரே சுவர் இருக்கிறதல்லவா, ஒரு வீட்டில் துளை போட்டால் அடுத்த வீட்டில் தட்டு ஆடுகிறதல்லவா, அப்படித்தான் தாடையும் கழுத்தும் என்றார். தாடை எவ்வளவு சிரமப்படுகிறதோ அவ்வளவுக்குக் கழுத்தும் நோகிறதை அவர் பல பேரிடம் பார்த்திருக்கிறாராம். நான் விடவில்லை. எது முதலில் ஆரம்பித்தது, கழுத்தா, தாடையா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் அதைச் சொல்ல முடியாது, அங்கிள். ஆன்டிக்கு எதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

அந்த இடத்தில்தான் அவரை நம்பினேன். எதையாவது விற்க வந்த ஒருவர் வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

அவர் உங்களிடம் கேட்டார், பகலில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று. நீங்கள் இல்லை என்றீர்கள். நான் ஆமாம் என்றேன். நான் பதில் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்கள் கன்னத்தில் ஒரு உருண்டை எழும்பி இறங்குவதை எத்தனை மாதமாகப் பார்த்திருக்கிறேன்! கோபத்தை விழுங்குகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அப்போதும் அந்த உருண்டை எழும்பியது. டாக்டர் விரலால் அதைத் தொட்டுக் காட்டினார்.

ஒரு பல்லையும் பிடுங்கவில்லை. மெத்தென்று சாப்பிடச் சொன்னார். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம், கண்ணாடி முன்னால் வாயை நேராகத் திறந்து மூடும் மெதுவான பயிற்சி, கழுத்துக்கும் அதே மாதிரி. தூங்கும்போது பல்லுக்கு நடுவில் வைக்க ஒரு பிளாஸ்டிக் தகடு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார், அதை நீங்கள் ரயிலில் தமிழாக்கி எனக்குச் சொன்னீர்கள்: "உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது." சொல்லிவிட்டு, "இதென்ன வைத்தியமோ, எனக்கு நம்பிக்கையில்ல" என்றும் சொன்னீர்கள். தகடு வந்த பிறகு, அதை மூடிய டப்பாவோடு மேசையின் மறுமுனையில் வைத்துக்கொண்டு, அது முதலில் கடிக்குமா நீங்கள் முதலில் கடிப்பீர்களா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

குணமாகச் சில வாரங்கள் ஆகும் என்றார். தீபாவளி காத்திருக்காது. அப்போது நீங்கள் ஒன்று செய்தீர்கள். அடுத்த வகுப்பில் என்னைக் கூப்பிட்டுக் கரும்பலகைப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்.

"எனக்கு வாயி தொறக்காது. உங்களுக்குத் தொறக்கும். லோரிக்குக் கத்துவீங்களே, அப்படிச் சொல்லுங்க."

நான் நின்றேன். இடது கை தானாகக் கழுத்துக்குப் போனது. அதை எடுத்துக் கீழே விட்டீர்கள். துறைமுகத்தில் பெரிய லோரி பின்னால் வரும்போது கத்துகிற வாயைத் திறந்து, "ஆ" என்றேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"யம்மா!" என்றார் லெட்சுமி அக்கா. "உள்ள ஒரு டுரியானே போவும் போலிருக்கு. பல்லு எங்கண்ணே, பாதியக் காணோம்?"

"லோரியில விட்டுட்டு வந்துட்டேன். நீங்க வாயத் தொறங்க, பேசறதுக்கு மட்டும் தொறக்காம."

அன்றிலிருந்து உங்கள் விரல் எழுத்தைத் தொடும், என் வாய் அதைச் சொல்லும். வகுப்பிலேயே மெதுவான மாணவன் நான். தப்பாகச் சொன்னால் தலையை அசைப்பீர்கள், சரியாகச் சொன்னால் அடுத்த எழுத்துக்கு விரல் போகும். முதல் முறையாக எல்லாருக்கும் ஆவன்னா ஆவன்னாவாக வந்தது. அடக்கி வைத்திருந்த வாய்கள் எல்லாம் திறந்துகொண்டன. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. என்னைப் படிக்க வைக்கத்தான் நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்களோ என்று. அதை உங்களிடம் கேட்கவேயில்லை. இப்போது கேட்கிறேன்.

தீபாவளிக்கு முன் செயலாளர் வந்தார். நாங்கள் வாசிப்பதைக் கேட்டார். பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டு வாசிக்கிற மாதிரி நடிக்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம். நியாயம்தான், அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கக்கத்தில் வைத்திருந்த அன்றைய பத்திரிகையை விரித்து, கண்ணில் பட்ட பக்கத்தை லெட்சுமி அக்காவிடம் நீட்டினார். அது மரண அறிவிப்புப் பக்கம். பெரிய பெரிய எழுத்து, மாலை போட்ட படங்கள். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாயை அகலத் திறந்து வாசித்தார்: "ஆ...ழ்ந்த... இ...ரங்...கல்." அப்படியே கீழே போய், யாரென்றே தெரியாத ஒரு பெரியவரின் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் ஒவ்வொருவராக வாசித்து முடித்தார். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், பெரிய குடும்பம்" என்றார்.

செயலாளர் பத்திரிகையை மடித்தார். யோகாவுக்கு முன்மண்டபத்தைக் கொடுப்பதாகச் சொன்னார். நீங்கள் நன்றி சொல்ல வாயைத் திறந்தீர்கள். அப்போது இரண்டு விரல் அகலம் வந்திருந்தது. 'டக்' சத்தம் கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்குள் மூன்று விரல். கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டும் நாட்கள் குறைந்தன. முழுக்கப் போகவில்லை, வேலை அதிகமான நாட்களில் கை அங்கே போகும். தகட்டை நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ளவேயில்லை. ஊருக்குப் போகும்போது அதை மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தது எனக்குத் தெரியும்.

பிறகு ஈப்போவுக்கு மகள் வீட்டுக்குப் போனீர்கள். விடுமுறை முடிந்ததும் வருவேன் என்றீர்கள். நாங்கள் 'ன' வரிசை வரைக்கும் முடித்திருந்தோம். ஒரு காலை நான் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பத்திரிகையை எடுத்தேன். யாரும் சொல்லாமல் நானே எடுத்து வாசிக்கிற பெருமைக்காகத்தான். கடைக்காரருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகத் தொடங்கினேன். "ஆ" என்று வாயைத் திறந்த பிறகுதான் கீழே இருந்த படத்தைப் பார்த்தேன்.

என் கை கழுத்துக்குப் போய்விட்டது, டீச்சர். வாய் திறந்தபடியே நின்றது. அடுத்த எழுத்துக்குப் போகவில்லை. உங்கள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தேன். நான் தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன். நான் மெதுவான மாணவன், தப்பாகத்தான் வாசித்திருப்பேன் என்று எவ்வளவு ஆசையோடு நினைத்தேன் தெரியுமா. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு லெட்சுமி அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவரும் அதையேதான் வாசித்தார். காய்ச்சல் என்றார் உங்கள் மகள். வெறும் காய்ச்சல்தானா, சரியாகப் பார்த்தார்களா, பெரிய டாக்டரிடம் காட்டினார்களா என்று நான் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எழுத்து தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நீங்கள் எனக்கு ஈப்போவில் இருந்திருப்பீர்கள். அப்படியும் ஒரு நாள் நினைத்தேன். ஆனால் அதை வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருந்தால் நான் நம்பியிருக்கவே மாட்டேன். நானே வாசித்ததால்தான் நம்ப வேண்டியதாகிவிட்டது.

வகுப்பு நடக்கிறது. ஒரு கல்லூரிப் பெண் வந்து சொல்லித் தருகிறார், சும்மாதான். முதல் நாள் அவர் மேசைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். எழுதும்போது என் கன்னத்தில் உருண்டை எழும்பினால் நானே விரலால் தொட்டு இறக்கிக்கொள்கிறேன். இப்போதுகூட இதை எழுதும்போது உதடு சேர்ந்திருக்கிறது, பல் சேரவில்லை. உங்களுக்கு அது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த ரயில் பெண்மணியைச் சொல்லி முடிக்கிறேன். சென்ட்ரல் நிலையம் நெருங்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, வாயத் தொறக்கும்போது காதுகிட்ட டக்குன்னு சத்தம் கேக்குதா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன விக்கிறீங்க, அங்கிள்?"

"ஒண்ணும் விக்கல. கழுத்த மட்டும் பாக்காதீங்க. ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டுங்க."

"கழுத்து வலிக்குப் பல் டாக்டரா?"

அதே குரல், டீச்சர். அப்படியே அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் ஏதோ வந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பழைய டிக்கெட் ஒன்றின் பின்பக்கத்தில், ரயில் ஆட ஆட, அந்தப் பல் டாக்டர் இருக்கும் தெருவை எழுதிக் கொடுத்தேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் முதல் முறையாக எழுதிக் கொடுத்தது அதுதான். அவர் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என் எழுத்தை நம்பலாமா என்று பார்த்திருப்பார். பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இறங்கும்போது, "அந்த டாக்டர் என்ன செய்யச் சொல்வாங்க?" என்று கேட்டார்.

"முதல்ல ஆன்னு சொல்லச் சொல்வாங்க" என்று சொல்லி, எப்படி என்று காட்டினேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாய் அகலமாகத்தான் திறந்தது, நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரி. இடது கை மட்டும் கழுத்தில் இருந்தது. எனக்கு அங்கே வலி எதுவும் கிடையாது. ஆனாலும் அதை எடுத்துக் கீழே விட மனம் வரவில்லை.